பூ கொட்டுது, பிஞ்சு நிற்கலையே! – தோட்டத்துக் கேள்வி பதில்

ஆடிப் பட்டத்தில் ஊன்றிய கொடிகள் எல்லாம் பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் பரங்கி, சுரை, பீர்க்கு, சுக்கினி பற்றியே இருந்ததால் பக்கம் முழுவதையும் கொடிக் காய்களுக்கே கொடுத்துவிட்டேன். மிளகாய், ரோஜா பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, மாடியில் பெரிய தொட்டியில் பரங்கி வைத்திருக்கிறேன். தினமும் ஏழெட்டுப் பூ பூக்கிறது. ஆனால் பிஞ்சு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்ததும் மஞ்சளாகிச் சூம்பி விழுந்துவிடுகிறது. உரக்கடையில் பூச்சி என்று சொல்லி மூன்று மருந்து கொடுத்தார்கள். மூன்றையும் அடித்துப் பார்த்துவிட்டேன். இது எந்தப் பூச்சி?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: பூச்சியே இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விழுந்த பிஞ்சில் ஓட்டை இல்லை, பிசின் வடியவில்லை, நுனியில் தொடங்கிய மஞ்சள் காம்பு வரை ஏறியிருக்கிறது. அது மகரந்தம் சேராத பிஞ்சு. சரியாகச் சொன்னால் அது இன்னும் பிஞ்சாகவே ஆகவில்லை. பரங்கியின் பெண் பூ விரிவதற்கு முன்பே அதன் அடியில் குட்டிப் பரங்கி மாதிரி ஒரு உருண்டை இருக்கும், அதைப் பார்த்து நாம் காய் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம், ஆனால் பூ விரிகிற அந்த ஒரு நாள் காலையில் ஆண் பூவின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் அது காயாகும். சேரவில்லை என்றால் கொடியே அதை உதிர்த்துவிடும்.

ஆண் பூவுக்கு நீளமான மெல்லிய காம்பு, நடுவில் ஒற்றைக் குச்சியாக மஞ்சள் தூளோடு ஒரு தண்டு. பெண் பூவுக்குக் கட்டைக் காம்பு, அடியில் அந்த உருண்டை, நடுவில் மடிப்பு மடிப்பாகச் சூல்முடி, அதில்தான் மகரந்தம் ஒட்ட வேண்டும். முதல் ஒரு வாரம் பத்து நாள் ஆண் பூவாகவே வரும், அதைப் பார்த்துப் பயந்துபோய் உரத்தை அள்ளி வைக்க வேண்டாம். பரங்கி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறந்து போகாது. தேனீ சுமந்து வரவேண்டும், அதுவும் ஒரு தேனீ ஒரு தடவை வந்துபோனால் போதாது. சுற்றிலும் கட்டடமாக இருக்கிற இடத்தில் மூன்றாவது மாடிக்குத் தேனீ தேடி வரும் என்று காத்திருந்தால் காய் கிடைக்காது.

அதனால் அந்த வேலையை நீங்களே செய்யுங்கள். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் போய்விட வேண்டும், 10 மணிக்கெல்லாம் பூ சுருண்டுவிடும். அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிட்டு, அந்த மஞ்சள் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லா மடிப்பிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். தூள் ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். மழை வரும் போலிருந்தால் தடவிய பூவின் வாயை மூடி ஒரு நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். மூன்று நான்கு நாளில் அந்த உருண்டை பளபளவென்று பருத்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காலை நேரக் கணக்கு பரங்கி, வெண்பூசணி, சுக்கினி, வெள்ளரி, பாகலுக்குத்தான். சுரையும் பீர்க்கும் புடலையும் சாயங்காலம் பூக்கிறவை. மாடித்தோட்டம் போட்ட முதல் வருடம் நானும் இது தெரியாமல் தினமும் காலையில் பிரஷ்ஷோடு போய்ச் சுரைப் பூவைப் பிரித்துப் பிரித்துத் தடவினேன், ஒரு காய்கூட நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் "விளக்கு வைக்கிற நேரத்துல போய்ப் பாரும்மா" என்றார். போய்ப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று அத்தனையும் விரிந்திருக்கிறது, அந்துப்பூச்சிகள் சுற்றுகின்றன! அன்றைக்குத் தடவிய பூவில்தான் எங்கள் வீட்டு முதல் சுரைக்காய் வந்தது. பீர்க்கிலேயே நுரைப்பீர்க்கு மட்டும் காலையில் பூக்கும், கோடு விழுந்த சாதாரணப் பீர்க்கு மாலையில் பூக்கும்.

அந்த மூன்று மருந்தையும் நிறுத்திவிடுங்கள். பூ விரிந்திருக்கிற காலையில் மருந்து அடித்தால் வருகிற இரண்டு தேனீயும் செத்துப்போகும். இலைகள் கரும்பச்சையாக முறம் முறமாக இருப்பதைப் பார்த்தால் தழைச்சத்தும் அதிகமாகத் தெரிகிறது, அதுவும் ஆண் பூவையே கூட்டும். யூரியா போட்டிருந்தால் போதும், இனிமேல் வேண்டாம். பஞ்சகவ்யம் மட்டும் லிட்டருக்கு 30 மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொடுங்கள். தொட்டிக் கொடி இரண்டு மூன்று காயைத்தான் தாங்கும். அவை நின்ற பிறகு வருகிற பிஞ்சுகள் உதிர்ந்தால் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: அரை ஏக்கரில் பந்தல் போட்டுப் பாகலும் பீர்க்கும் வைத்திருக்கிறோம். காய் கோணிக்கொண்டு போகிறது, அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. கடையில் சொன்னபடி பழ ஈப் பொறி வாங்கிக் கட்டினேன். பொறியில் ஈ விழுகிறது, ஆனால் காய்ச் சேதம் குறையவே இல்லை. ஏன்?
– ஒரு விவசாயி, ஒட்டன்சத்திரம் அருகில்

பதில்: முதலில் அந்தப் பொறிக்குள் இருக்கிற, ஈயை இழுக்கும் வாசனைக் கட்டையின் உறையை எடுத்துப் பாருங்கள். மீத்தைல் யூஜினால் என்று எழுதியிருந்தால் உங்கள் பிரச்சினைக்குக் காரணம் அதுதான். அது மாம்பழ ஈயை இழுக்கிற வாசனை. மாவிலும் கொய்யாவிலும் வருகிற ஈ ஒரு இனம், பாகல் பீர்க்கில் முட்டை வைக்கிற பூசணிப் பழ ஈ வேறு இனம், அது மீத்தைல் யூஜினாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குக் கியூ லூர் என்ற கவர்ச்சிப் பொருள் வேண்டும். பக்கத்தில் மாந்தோப்பு இருந்தால் உங்கள் பொறியில் விழுகிறது அங்கிருந்து வந்த ஈயாக இருக்கும், அதனால் பொறி வேலை செய்கிற மாதிரியே தெரியும். இந்தத் தப்பை எத்தனையோ தோட்டங்களில் பார்த்துவிட்டேன், விற்கிறவர்கள் எந்தப் பயிருக்கு என்று கேட்டுக் கொடுத்தால் விவசாயிக்கு ஒரு பருவம் மிஞ்சும், கேட்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கியூ லூர் பொறியை ஏக்கருக்குப் பத்து என்ற கணக்கில், அரை ஏக்கருக்கு ஐந்து, பந்தல் உயரத்தில் நிழலில் கட்டுங்கள். ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை கட்டையை மாற்றுங்கள். ஆனால் பொறியை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் அதில் விழுவது ஆண் ஈ மட்டும்தான். ஆண்கள் குறைந்தால் பெண் ஈயின் முட்டை பொரியாது என்பதுதான் அதன் கணக்கு, ஆனால் வெளியே இணைசேர்ந்துவிட்டுப் பக்கத்துக் காட்டிலிருந்து பறந்து வருகிற பெண்ணை உங்கள் பொறி தடுக்காது. சுற்றியுள்ள நாலு தோட்டக்காரர்களும் சேர்ந்து கட்டினால் பலன் பல மடங்கு.

அதைவிட முக்கியம் தரையில் கிடக்கிற சொத்தைக் காய். ஈ இளங்காயின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கிறது, குத்திய இடத்தில் ஒரு பொட்டுப் பிசின் தெரியும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்த புழு ஒரு வாரம்போலக் காயைத் தின்றுவிட்டு, துள்ளிக் குதித்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. இன்னும் ஒரு வாரம் பத்து நாளில் ஈயாக வெளியே வருகிறது. அதாவது சொத்தை என்று பறித்து வரப்பில் வீசுகிற ஒவ்வொரு காயும் அடுத்த தலைமுறையை நீங்களே விதைக்கிற மாதிரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சொத்தைக் காயை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். இரண்டடிக் குழி வெட்டிப் புதைக்கலாம், மேலாகப் புதைத்தால் ஈ முட்டிக்கொண்டு வந்துவிடும். இல்லையென்றால் கெட்டியான பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் பத்து நாள் போட்டுவிடுங்கள். பந்தலுக்கு அடியில் மண்ணைக் கொத்திக் கிளறிவிட்டுக் கோழிகளை விடுங்கள், கூட்டுப்புழுவைத் தேடித் தேடித் தின்னும். வேப்பம் புண்ணாக்கும் போடலாம்.

இதோடு கருவாட்டுப் பொறி ஒன்று உண்டு. கருவாட்டுத் தூளை நனைத்து, பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் சோப்புத் தண்ணீரோடு வைத்துத் தொங்கவிடுவது. இதற்குப் பெண் ஈயும் வரும், முட்டை வைக்கப் புரதம் தேவைப்படுகிற காலத்தில் அது அந்த நாற்றத்தைத் தேடி வருகிறது. மாடியில் நாலு கொடி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு எதுவுமே வேண்டாம். பூ வாடிய மறுநாளே பிஞ்சைச் செய்தித்தாள் குழாயிலோ பழைய வேட்டித் துணிப் பையிலோ நுழைத்துக் கட்டிவிட்டால் ஈ கிட்டவே வராது.

ஜப்பானில் ஒகினாவா தீவுகளில் இதே ஈயை ஒழிக்க 1972-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களைக் கோடிக் கோடியாக வளர்த்துப் பறக்கவிட்டு, தீவு தீவாக ஒழித்துக்கொண்டே வந்து 1993-ல்தான் முடித்தார்கள். சுற்றிலும் கடல் இருக்கிற இடத்துக்கே இருபது வருடம் ஆனது. நம் இடத்தில் இதை ஒழிக்க முடியாது, குறைத்து வைத்துக்கொள்ள முடியும், அதுவும் நீங்கள் தினமும் குனிந்து காய் பொறுக்குவதைப் பொறுத்து.

கேள்வி: அரசாணி விதை போட்டு இரண்டு இலை விடுவதற்குள் ஒரு சிவப்பு வண்டு வந்து சல்லடையாக்கிவிடுகிறது. மூன்று முறை விதை போட்டுவிட்டேன்.
– ஒரு வாசகர், சூலூர்

பதில்: (மற்ற ஊர்க்காரர்களுக்கு: கொங்கில் அரசாணி என்பதும், சென்னை, தஞ்சையில் பரங்கி என்பதும், தெற்கே மஞ்சள் பூசணி என்பதும் ஒன்றேதான்.) இது சிவப்புப் பூசணி வண்டு. பெரிய கொடியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, முளைத்த முதல் மூன்று வாரம்தான் ஆபத்து. அந்த மூன்று வாரத்துக்குக் கொசுவலைத் துணியை நாலு குச்சி நட்டுக் கூடாரமாக மூடுங்கள், ஓரத்தில் மண்ணை அணைத்து இடைவெளி இல்லாமல் வையுங்கள். ஆறு இலை வந்ததும் எடுத்துவிடலாம். பூ வருகிற வரை வைத்திருந்தால் தேனீ நுழையாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வலை இல்லையென்றால் விடிகாலையில் போங்கள். பனி ஈரத்தில் வண்டு மந்தமாக உட்கார்ந்திருக்கும், கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடலாம், வெயில் ஏறினால் தொடுவதற்குள் பறந்துவிடும். அதே ஈரத்தில் சலித்த விறகுச் சாம்பலை இலை மேலும் கீழும் தூவுங்கள், மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். இந்த வண்டு தண்டுக்கு அடியில் மண்ணில்தான் முட்டை இடும், புழு வேரைத் தின்னும். போன முறை எந்த இடத்தில் போட்டீர்களோ அதே குழியில் திரும்பத் திரும்ப விதைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை இடத்தை மாற்றுங்கள், பழைய குழியை நன்றாகக் கொத்தி வெயிலில் காயவிடுங்கள்.

கேள்வி: சுக்கினி இலைகளில் நரம்பை ஒட்டி வெள்ளி மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. சாம்பல் நோய் என்று நினைத்துக் கந்தகத் தூள் தூவினேன், இப்போது இலை ஓரம் எல்லாம் கருகிவிட்டது.
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: ஐயோ, கந்தகம் வேண்டாம்! பூசணிக் குடும்பத்துச் செடிகளுக்குக் கந்தகத் தூளும் செம்புத் தூளும் ஒத்துக்கொள்ளாது, இலை கருகும். கருகிய இலைகளை வெட்டிவிட்டு மீதி இலைகளைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள், புது இலை வரும்.

அந்த வெள்ளித் திட்டு நோயாக இல்லாமலும் இருக்கலாம். நிறைய சுக்கினி ரகங்களுக்கு அது பிறவியிலேயே உள்ள கோலம். விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி விரலில் ஒட்டினால் சாம்பல் நோய், ஒட்டவே இல்லை, எல்லா இலையிலும் நரம்புகள் சேருகிற மூலைகளில் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அது இலையின் நிறம். திடீரென்று இளம் இலைகளின் நரம்பெல்லாம் வெள்ளியாக மாறினால் மட்டும் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வெள்ளை ஈயின் குஞ்சுகள் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

சாம்பல் நோய்தான் என்று உறுதியானால் பால் அடியுங்கள். ஒரு பங்கு பசும்பால், ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, காலை வெயிலில், இலையின் இரண்டு பக்கமும். கேட்பதற்குப் பாட்டி வைத்தியம் போலிருக்கும், ஆனால் பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் சுக்கினிச் செடியிலேயே சோதித்து 1999-ல் வெளியிட்டார். பத்து சதவீதத்துக்கு மேல் பால் கலந்தபோது, ஒப்பிட்டுப் பார்த்த பூஞ்சைக் கொல்லிகளுக்கு ஈடாக அது நோயை அடக்கியது. ஆரம்பத்திலேயே அடிக்க வேண்டும், இலை முழுக்க மாவான பிறகு அடித்துப் பயனில்லை.

அப்புறம், சுக்கினியைச் சாண் நீளத்தில் பறித்துவிடுங்கள். படத்தில் ஒரு காய் முழங்கை அளவு இருக்கிறது. அதைச் செடியில் விட்டுவைத்தால் செடி விதை முற்றவைப்பதில் இறங்கி அடுத்த பூவை நிறுத்திவிடும்.

கேள்வி: எங்கள் சுரைக்காய் கசக்கிறது. பக்கத்தில் பாகற்கொடி இருப்பதால்தான் என்று மாமியார் சொல்கிறார். பாகலைப் பிடுங்கிவிடட்டுமா? கசப்பை எடுக்க உப்புப் போட்டு வேகவைத்தால் போதுமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. கசக்கிற சுரைக்காயைச் சாப்பிடாதீர்கள். உப்புப் போட்டாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதன் பெயர் குக்கர்பிட்டேசின், வாந்தி, பேதி, ரத்த வாந்தி வரைக்கும் கொண்டுபோகும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழப்பே நடந்திருக்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு இதை ஆராய்ந்து, கசந்தால் குடிக்கவே கூடாது என்று எச்சரித்திருக்கிறது. சுக்கினிக்கும் இதே விதிதான். ஜெர்மனியில் 2015-ல் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயதுப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். நறுக்கும்போது நுனியில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். வீணாகிறதே என்று மாட்டுக்கும் போடாதீர்கள்.

பாகலுக்கு இதில் பங்கில்லை. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாகலும் சுரையும் வேறு வேறு இனம், ஒன்றின் மகரந்தம் மற்றதில் பலிக்காது. அப்படியே ஒரே இனத்துக்குள் கலந்தாலும் இந்த வருடக் காயின் சதை மாறாது, உள்ளே இருக்கிற விதைதான் மாறும், அந்த விதையைப் போட்டு வளர்த்தால் அடுத்த வருடம்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் விதை எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. வேலியோரம் தானாக முளைத்த பேய்ச்சுரையோடு கலந்த விதையாக இருந்தால் அந்தக் கொடியின் எல்லாக் காயும் கசக்கும், பிடுங்க வேண்டியது அந்தச் சுரையைத்தான். ஒன்றிரண்டு காய் மட்டும் கசந்தால் கடும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் வாடியது காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் இந்தக் கொடியிலிருந்து விதை எடுக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, லண்டனில் அலாட்மென்ட் (வாடகைத் தோட்ட நிலம்) துண்டு ஒன்று எடுத்துக் கோர்ஜெட்டும் (சுக்கினி) பூசணியும் நட்டோம். ஜூன் மாதம் பன்னிரண்டு கன்று வைத்தேன், ஒரே கிழமையில் ஒன்பதை ஓடில்லாத நத்தை தின்றுவிட்டது. முட்டைக்கோது, செப்பு நாடா எல்லாம் சுற்றி வைத்தேன். அடுத்த வருசத்துக்கு என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: முட்டைக்கோதும் செப்பு நாடாவும் காப்பாற்றவில்லை என்று வருந்தாதீர்கள் தங்கச்சி, அங்கே உள்ள ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் 2018-ல் லெட்யூஸ் கீரை வைத்து அவற்றைச் சோதித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மெட்டால்டிஹைட் உள்ள பழைய நீல உருண்டைகள் யாரிடமாவது மிச்சம் இருந்தாலும் வாங்காதீர்கள், 2022 வசந்தத்திலிருந்து பிரிட்டனில் அவற்றை வெளியில் போடத் தடை. முள்ளெலிக்கும் பறவைக்கும் அது நஞ்சு.

கன்றைப் பெரிதாக்கி நடுவதுதான் வழி. ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் ஜன்னலோரம் விதை போட்டு, சின்னத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றி, நாலைந்து முரட்டு இலை வந்த பிறகு, பனி விழுவது நின்றதும், மே கடைசியில் அல்லது ஜூனில் வெளியே நடுங்கள். இரண்டு இலைக் கன்றை ஒரு நத்தை ஒரு ராத்திரியில் முடித்துவிடும், முரட்டுத் தண்டைத் தொட யோசிக்கும். தண்ணீரைக் காலையில் விடுங்கள், மாலையில் விட்டால் இரவெல்லாம் ஈரமாகக் கிடந்து நத்தைக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. பலகைத் துண்டு ஒன்றைச் செடிப் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள், பகலில் அதன் அடியில் வந்து ஒளியும், காலையில் புரட்டிப் பொறுக்கலாம். மண் சூடேறிய பிறகு நத்தையைத் தாக்கும் நுண்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதும் அங்கே கிடைக்கிறது, ஆறு வாரம்போலப் பலன் தரும்.

மீதி மூன்று செடி நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குளிர் வருவதற்குள், கூடுதலாக இருக்கிற ஆண் பூக்களைப் பறித்துக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டுப் பாருங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கேள்வி: பூசணி இலை மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்து சுருண்டுவிட்டது. என்ன மருந்து?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மருந்து இல்லை. இது வைரஸ், சாறு உறிஞ்சுகிற வெள்ளை ஈயும் அசுவினிப் பூச்சியும் பரப்புகின்றன. அந்தக் கொடியை இன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மனசு கேட்காமல் ஒரு வாரம் வைத்திருந்தால் மற்றக் கொடிகளுக்கும் போய்விடும். மீதிக் கொடிகளில் மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டி, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். டெல்லிப் பெயரைத் தாங்கிய ஒரு தக்காளி வைரஸ் இருக்கிறது, வெள்ளை ஈயால் பரவுவது, அதுவே 2012-ல் ஸ்பெயின் சுக்கினித் தோட்டங்களில் தெரிய வந்து அங்கே பெரும் சேதம் செய்தது. அதனால் ஒரு கொடிதானே என்று விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: மயில் கூட்டம் வந்து முளைத்த கன்றையெல்லாம் கொத்துகிறது.
– ஒரு வாசகர், விராலிமலை

பதில்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயிலுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு, விஷம் கண்ணி என்ற பேச்சே கூடாது. உங்கள் பக்கத்துக் காடுகளில் எல்லோரும் செய்கிறபடி பழைய புடவைகளை வேலியாகக் கட்டுங்கள், கன்றுகளுக்கு மேல் கருவேல முள்ளைப் பரப்பி வையுங்கள். கொடி ஓட ஆரம்பித்ததும் முள்ளை எடுத்துவிடலாம்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளித் தோட்டத்தில் பாகல் இலையில் புள்ளி வண்டுகள் இருக்கின்றன. டீச்சர் அவை நல்ல பூச்சி, கொல்லாதே என்றார். ஆனால் இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறாய் கண்ணு. புள்ளி வண்டில் இரண்டு வகை உண்டு, டீச்சர் சொன்னது ஒரு வகை, நீ பார்த்தது இன்னொன்றாக இருக்கும். நல்ல வண்டு பளபளவென்று மெருகு போட்ட மாதிரி மின்னும், அசுவினி மொய்த்த தளிரில்தான் இருக்கும், அதன் குஞ்சு கறுப்பாக ஆரஞ்சுப் பொட்டு வைத்த குட்டி முதலை மாதிரி வேகமாக ஓடும். இலை தின்னும் வண்டு மங்கலாக இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகில் மெல்லிய முடி தெரியும், புள்ளிகளும் நிறைய, சிலவற்றில் 28 வரை இருக்கும். அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளோடு, இலைக்கு அடியில் அசையாமல் ஒட்டிக்கொண்டு பச்சையத்தைச் சுரண்டும், இலை வலை மாதிரி ஆகிவிடும். அந்த இலைகளை மட்டும் புழுவோடு பறித்து வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்கள், இலை அடியில் கொத்தாக நிற்கிற மஞ்சள் முட்டைகளையும் நசுக்கிவிடலாம். ஆனால் முட்டையைப் பார்த்தவுடன் நசுக்காதே. நல்ல வண்டின் முட்டையும் மஞ்சள்தான், அது அசுவினிக் கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

அசுவினி மொய்த்த ஒரு தளிரில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள். தினமும் இடைவேளையில் போய் எத்தனை அசுவினி, எத்தனை வண்டு, எத்தனை குஞ்சு என்று எண்ணி நோட்டில் எழுது. பத்து நாள் கணக்கை எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறேன்.